திரை இல்லாத பாட்டுப் பெட்டி

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நெருப்புப் பெட்டியைவிடச் சிறியது. முதுகில் ஒரு கவ்வி இருக்கிறது. சட்டைப் பையின் விளிம்பில் கொழுவினால் பாரமே தெரியாது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் கிழமைக்குப் பக்கமாகப் போகும். அதற்கு யாரும் அழைப்பு எடுக்க முடியாது. அதில் படங்கள் இல்லை.

கடைசி இரண்டுக்காகத்தான் வாங்கினேன். என் மனைவி டிலக்சனா இறந்த பிறகு ஃபோன் பாட்டுக் கேட்க உதவாமல் போய்விட்டது. பாட்டின் நடுவில் யாராவது எடுத்துத் துக்கம் விசாரிப்பார்கள். இல்லாவிட்டால் ஃபோன் தானாகவே, போன வருடம் இதே நாளில் என்று ஒரு படத்தைத் தூக்கிக் காட்டும். தலையிடி என்று படுத்தவள். மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. கல்யாணம் முடித்து இரண்டாவது வருடம். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

மன்னார் டவுனில் றினாஸின் ஃபோன் கடையில், கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டில் இந்த எம்பித்ரீ பெட்டி கிடந்தது. எடுத்துக் காட்டச் சொன்னபோது றினாஸ் என்னைப் பார்த்தான். நான் நில அளவைக் கந்தோரில் வேலை செய்கிறவன் என்று அவனுக்குத் தெரியும்.

“உண்மையாத்தான் கேக்கிறீங்களா சேர்? கையில இவ்வளவு பெரிய ஃபோன வச்சிக்கிட்டு?”

“ஓம்.”

“இதுல திரையும் இல்ல. என்ன பாட்டுப் போகுது எண்டும் தெரியாது. மூணு வாங்கி வச்சன். வாப்பா இன்னும் ஏசுறாரு.”

“பாட்டு ஏத்தித் தருவீங்களோ?”

“தாறன். என்ன மாதிரிப் பாட்டு?”

“உங்களிட்ட இருக்கிறதைப் போடுங்கோ.”

“என்கிட்ட இருக்கிறது கடைக்கு வாற சனத்துட கலவை சேர். வங்காலை ஆக்கள் ஏத்தச் சொன்ன மாதா பாட்டு இருக்கு, முசலிப் பக்கத்து இஸ்லாமிய கீதம் இருக்கு, சிங்களப் பைலா இருக்கு, கோயில் நாதஸ்வரமும் இருக்கு. எல்லாம் ஒரே சட்டிக்குள்ள.”

“அதுதான் வேணும்.”

அவன் சிரித்தான். நான் விளையாடவில்லை. எனக்குத் தெரிந்த பாட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் டிலக்சனா நின்றாள். சமைக்கும்போது முணுமுணுத்தது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்து கேட்டது, பிடிக்காது என்று நிறுத்தச் சொன்னது. றினாஸின் கலவையில் அவள் இல்லை. யாரோ ஒரு மீனவருக்குப் பிடித்த பாட்டு, யாரோ ஒரு கடைக்காரருக்குப் பிடித்த பாட்டு. அந்நியர் வீட்டு விறாந்தையில் இருப்பதுபோல அதற்குள் இருக்கலாம்.

இனிக் குறைகள். ஹெட்செட் செருகும் இடம் உப்புக் காற்றுக்கு நிற்காது. சில மாதங்களில் இடது காது மட்டும்தான் கேட்டது. கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் பஸ் ஏறியதும் யன்னலால் வரும் காற்று பாட்டைத் தின்றுவிடும். பஸ்காரர் போடும் பாட்டு அதைவிடப் பெரியது. அடுத்து என்ன வரும் என்று தெரியாது. பிடித்ததைத் தேடி எடுக்கவும் முடியாது. இரண்டு வருடத்தில் அந்த அந்நியர்களின் பாட்டெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. இப்போது அவற்றைக் கேட்டால் இந்த இரண்டு வருடம் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று. திரையும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்பதால் அது பாடுகிறதா சும்மா இருக்கிறதா என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. இதை நான் நெடுநாளாக நல்லவற்றோடு சேர்த்து வைத்திருந்தேன். காதில் ஹெட்செட் இருந்தால் சனம் கதைக்க வராது. பஸ்ஸில் அனுதாபப்பட வருபவர்கள்கூட முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சீற்றுக்குப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் டிலக்சனாவின் வீட்டுக்குப் போவேன். நானாட்டானில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மாமா பரமநாதன் மோட்டார் சைக்கிளோடு நிற்பார். கட்டுக்கரைக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் ஓரமாக வீடு. முதல் வருடம் முழுக்க அந்த வீட்டில் டீவிக்கு மேல் ஒரு துணி போட்டிருந்தது. செத்தவீட்டில் ஆட்டைத் திவசம் முடியும்வரை பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. நான் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்து, காதில் மாட்டிக்கொண்டு கிடப்பேன். மாமி பூமணி கண்டிருந்தா. அயலவர் ஒருவர் கேட்டபோது, “அது அவருக்கு மருந்து மாதிரி” என்றாவாம்.

மற்ற நாட்களில் நான் மன்னாரில், பெரியகடைப் பக்கம் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறேன். கடைப் பாண், கடைச் சோறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் என் சோற்றுக் கோப்பைக்கு மேல் அகப்பையை வைத்துக்கொண்டு ஒருவர் “போதுமோ தம்பி” என்று கேட்பார்.

அப்படி ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு மாமி சுளகோடு வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தா. அரிசியில் கல் பொறுக்கினா. பிறகு, சுளகைப் பார்த்தபடியே சொன்னா.

“தம்பி, தக்சிக்கும் வயசு போகுது. வெளியில தேடிக் கண் தெரியாத இடத்தில குடுக்கிறதைவிட, எங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை நீங்கள். மாமாவுக்கும் அதுதான் விருப்பம். உங்களுக்குச் சம்மதமெண்டால் நாங்கள் நாள் பார்ப்பம்.”

தக்சிகா டிலக்சனாவின் தங்கை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளி அது. முழுதும் கேட்டது. நான் தலையை ஆட்டினேன். அந்த நாட்களில் எதற்கும் தலையை ஆட்டுவேன். இன்னும் கொஞ்சம் குழம்பு விடவோ என்றாலும் ஆட்டுவேன், கந்தோரில் சனிக்கிழமையும் வர ஏலுமோ என்றாலும் ஆட்டுவேன். தலை ஆடுவதற்கு நான் தேவைப்படுவதில்லை. மாமி சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனா. அடுத்த பாட்டு பைலா.

பிறகு வந்த ஞாயிறுகளில் குழம்பு கூடியது. கோழி வந்தது. ஒருநாள் நான் போய் இறங்கியபோது விறாந்தையில் இரண்டு கதிரைகள் எதிரெதிராகப் போடப்பட்டிருந்தன.

“நீங்கள் ரெண்டு பேரும் இருந்து கதையுங்கோ” என்றார் மாமா. “நான் வாய்க்காலை ஒருக்காப் பாத்திட்டு வாறன்.” வாய்க்கால் முற்றத்திலிருந்தே தெரியும்.

தக்சிகா வந்து இருந்தாள். அந்த வீட்டில் நானும் அவளும் தனியே இருந்தது அதுதான் முதல்தரம். குசினியில் சத்தம் இல்லை. மாமி சமைத்தால் சட்டியும் அகப்பையும் சத்தம் போடும்.

தக்சிகாவும் அதைக் கவனித்தாள். குசினிப் பக்கம் பார்த்துவிட்டு, தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டாள்.

“அத்தான், இந்த எம்பித்ரீ எப்பிடி? நல்லதோ?”

நான் விளங்காமல் பார்த்தேன். அவள் கண்ணைக் காட்டினாள்.

“பரவாயில்லை” என்றேன்.

“எத்தினை பாட்டுப் பிடிக்கும்?” பிறகு குரலை இறக்கி, “நீங்கள் ஓம் எண்டனீங்களாம். உண்மையோ?”

“தலையை ஆட்டினனான்.”

“ஏன்?”

“தெரியேல்லை.”

“சார்ஜ் எப்பிடி நிக்குது?” அது சத்தமாக.

“நல்லா நிக்கும். கிழமைக்குப் பக்கமா.”

“நல்லது. எனக்கும் இப்பிடி ஒண்டுதான் தேவை. வவுனியாவில நேர்சிங் ட்ரெய்னிங்குக்கு வரச் சொல்லியிருக்கினம். விடுதியில எந்த நேரமும் ஃபோன் வைச்சிருக்க விடாயினமாம்.” மீண்டும் இறக்கி, “அம்மா போக விடமாட்டன் எண்டுறா. கலியாணம் முடிச்சால் அத்தானைக் கேட்டிட்டுப் போ எண்டுறா. பிறகு பிள்ளை குட்டி எண்டுவா. எனக்குத் தெரியும்.”

“அப்ப நீர் வேண்டாம் எண்டு சொல்லுமன்.”

“சொன்னால் நான் ஆரையோ வைச்சிருக்கிறன் எண்டு முடிவெடுப்பா. பிறகு வவுனியா என்ன, நானாட்டான் சந்திக்கும் விடமாட்டா. நீங்கள் சொன்னால், பாவம், மனுசன் அக்காவை மறக்கேல்லை எண்டு விட்டிடுவினம்.” ஹெட்செட் வயரைக் காட்டிச் சத்தமாக, “இது என்ன அத்தான், ஒரு பக்கம்தான் கேக்குமோ?”

“இடது மட்டும். உப்புக் காத்துக்குப் பழுதாப் போச்சு.”

“அப்ப அது பெரிய குறைதான்.”

“பழகீட்டுது.”

பிறகு, கண்ணை எடுக்காமல்:

“உங்களுக்கு என்னைக் கட்ட விருப்பமோ? உள்ளதைச் சொல்லுங்கோ.”

நான் உள்ளுக்குத் தேடிப் பார்த்தேன்.

“விருப்பமில்லாமலும் இல்லை” என்றேன்.

“இது என்ன மறுமொழி?”

“எனக்கு இப்ப இப்பிடித்தான் வருது.”

“உங்களோட ஒரு வீட்டில இருந்தால் ரெண்டு வரியத்தில நானும் இப்பிடித்தான் கதைப்பன்” என்றாள்.

அவள் சொன்னது சரி. ஓம் என்றால் எனக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சோறு எல்லா நாளும் வரும். மாமா எனக்காகப் பஸ் நிலையத்தில் நிற்பது நிற்காது. இல்லை என்றால் அந்தக் கதிரையில் எந்த முகத்தோடு வந்து சாய்வது? அவளுக்குக் கிடைப்பது, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டும் ஒரு மனிதன்.

“அண்டைக்கு உங்கட காதில இது இருந்ததெண்டு அம்மாவே சொன்னவ” என்றாள் மெதுவாக. “கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. ஆருக்கும் வெக்கமில்லாமல் முடியும்.”

“கேட்டது.”

“கேட்டதெண்டு எனக்குத் தெரியும் அத்தான். பொய் சொல்லத்தான் சொல்லுறன்.”

குசினியில் ஒரு மூடி விழுந்தது. தக்சிகா கையை நீட்டி, மீண்டும் குரலை உயர்த்தினாள்.

“நான் ஒரு கிழமை வைச்சுப் பாக்கட்டோ? பிடிச்சால் நானும் ஒண்டு வாங்கிறன்.”

சட்டைப் பையிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அவள் வயரைப் பெட்டியில் சுற்றிக்கொண்டு எழும்பிப் போனாள்.

மத்தியானம் மேசையில் மாமாவும் நானும் இருந்தோம். தக்சிகா தண்ணீர் வைத்தாள். மாமி முதலில் எனக்குப் போட்டா.

“என்ன கதைச்சனீங்கள்?” மாமா கேட்டார்.

“எம்பித்ரீயைப் பற்றி.”

“அவ்வளவு நேரமுமோ?”

“அதில கதைக்க நிறைய இருக்கு மாமா.” பிறகு சோற்றைப் பார்த்துச் சொன்னேன். “மாமி, அண்டைக்கு நீங்கள் அரிசி பாத்துக்கொண்டிருக்கேக்கை என்னட்ட ஏதோ கேட்டனீங்களாம். இண்டைக்குத்தான் தக்சி சொன்னவ. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. காதில அது இருந்தது.”

மாமியின் அகப்பை நின்றது.

“நீங்கள் தலையை ஆட்டினீங்கள்.”

“பைலாப் பாட்டுக்கு ஆட்டியிருப்பன்.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பைலாவுக்குத் தலையை ஆட்டின மனுசனைப் பிடிச்சு மாப்பிளையாக்கி, ரெண்டு கோழியையும் அடிச்சுப் போட்டாய்” என்றார் மாமியைப் பார்த்து. தக்சிகா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். ஒரு நிமிடம், எல்லாம் இப்படியே சிரிப்போடு முடிந்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

மாமி சிரிக்கவில்லை. என் காதைப் பார்த்தா. சட்டைப் பையைப் பார்த்தா.

“இப்ப காதில ஒண்டும் இல்லைத்தானே தம்பி” என்றா. “இப்ப கேக்கிறன். தக்சியைக் கட்டுறீங்களோ?”

தக்சிகா சொல்லித் தந்தது அதுவரைக்கும்தான்.

“எனக்கு ஏலாது மாமி.”

“அவளில என்ன குறை?”

“அவவில ஒரு குறையும் இல்லை.”

“அப்ப?”

டிலக்சனாவை மறக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அதற்கு யாரும் எதிர்க்கதை சொல்லியிருக்க மாட்டார்கள். அது பொய்யில்லை, ஆனால் அதுவே காரணமும் இல்லை. பெற்ற தாயின் முன்னால் அவளுடைய பெயரை ஒரு சாக்காக எடுக்க வாய் வரவில்லை.

“நான் இப்ப ஒருத்தரோடயும் இருக்கக்கூடிய ஆள் இல்லை” என்றேன்.

“ரெண்டு வரியமா எங்களோட வந்து இருந்தனீங்கள்தானே” என்றா மாமி.

மாமி கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனா. போதுமோ என்று யாரும் கேட்கவில்லை. நான் கோப்பையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். மாமாவும் முடித்தார். மாமா கை கழுவும்போது, “சாப்பாட்டு நேரத்தில கேட்டிருக்கக் கூடாது அவ” என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

பஸ்ஸுக்கு மாமாதான் கொண்டுபோய் விட்டார். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிறுபோகத்துக்குக் கட்டுக்கரையில் திறந்துவிட்டிருந்தார்கள். நானாட்டானில் நான் இறங்கிய பிறகும் அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

“தண்ணி வந்திட்டுது தம்பி, இனி எங்களுக்கு ஞாயிறு எண்டு ஒண்டு இல்லை. வயலுக்க நிப்பம்” என்றார். “நீங்கள் வாறதெண்டால் ஒருக்கா ஃபோன் எடுத்திட்டு வாங்கோ.”

“ஓம் மாமா.”

அந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் கேட்டுவிட்டுப் போனதில்லை.

பஸ்ஸில் காது வெறுமையாக இருந்தது. பக்கத்தில் ஒரு மனுசி, மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு.

“தம்பி எவடம்?”

“மன்னார்.”

“சொந்த இடமோ?”

“இல்லை. வேலைக்கு.”

“கலியாணம் முடிச்சிட்டீங்களோ?”

“ஓம்” என்றேன். அது சரியான மறுமொழியா என்று யோசிப்பதற்குள் அவ பிள்ளைகளைப் பற்றிக் கேட்டா. தாம்போதி வந்தது. காற்று அடித்ததில் அவவின் கேள்வி எனக்குக் கேட்கவில்லை. இந்தமுறை உண்மையாகவே.

அடுத்த ஞாயிறு மாமாவுக்கு ஃபோன் எடுக்கவில்லை. அதற்கடுத்ததும் எடுக்கவில்லை. அவரின் எண்ணை எடுத்து வைத்துப் பார்த்தேன். என்ன சொல்லிக் கேட்பது? வரலாமோ என்றா? வேலையில்லாமல் டவுனுக்குள் நடந்தேன். றினாஸ் கடை வாசலில் கதிரை போட்டு இருந்தான்.

“எங்க சேர் பெட்டி?”

“மச்சாளிட்டக் குடுத்தனான்.”

“அப்ப இன்னொண்டு தரவா? அதே இனத்துல ரெண்டு மிச்சமிருக்கு. நீங்க ஒரு ஆள்தான் பாவிச்சுப் பாத்த ஆள். நல்லது கெட்டதச் சொன்னா நானும் ஆக்களுக்கு எடுத்துச் சொல்லி இத ஒப்பேத்துவன்.”

“போட்டால் வெளியில ஒண்டும் கேளாது.”

“அது நல்லதா கெட்டதா?”

“வாங்கிற ஆளைப் பொறுத்தது.”

“அப்ப அத நான் வெளிய குடுக்க மாட்டன். மாமியா வீட்டுக்குப் போகக்குள்ள எனக்கே தேவைப்படும்” என்றான் றினாஸ். நான் சிரித்ததாகத்தான் நினைக்கிறேன். அவன் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். நான் கையில் எடுத்துப் பார்த்தேன். நெருப்புப் பெட்டியைவிடச் சிறியது. திருப்பிக் கொடுத்தேன்.

சோளகக் காற்றுக் கடுமையாகிவிட்ட ஒரு ஞாயிறு மத்தியானம் தக்சிகா ஃபோன் எடுத்தாள். நான் அறையில் இருந்தேன். மேசையில் பாணும் ஒரு வாழைப்பழமும் இருந்தன.

“அத்தான், நாளைக்கு வவுனியாவுக்குப் போறன். அம்மா ஒருமாதிரி ஓம் எண்டிட்டா. அப்பா கொண்டுபோய் விடுறார்.”

“நல்லது.”

“உங்கட பெட்டியையும் கொண்டுபோறன். திருப்பிக் கேக்காதேங்கோ. அதுக்குள்ள கிடக்கிற பாட்டெல்லாம் ஆற்ற?”

“தெரியாது.”

“எனக்கு விளங்குது ஏன் வைச்சிருந்தனீங்களெண்டு” என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “சாப்பிட்டியளோ?”

“ஓம்.”

“என்ன கறி?”

தக்சிகா ஒருநாளும் என்னிடம் கறி கேட்டதில்லை. அவளுக்குப் பின்னால், தூரத்தில், சட்டி அகப்பைச் சத்தம் கேட்டது.

“மீன்” என்றேன்.

“மீனாம்” என்று அவள் அங்கே யாருக்கோ சொன்னாள். பின்னாலிருந்து ஒரு குரல். தக்சிகா திரும்பக் கேட்டாள், “என்ன மீன்?”

“விளைமீன்.”

அவள் சொல்லவேண்டி இருக்கவில்லை. பின்னாலிருந்த குரல் இப்போது எனக்கே தெளிவாகக் கேட்டது. ஃபோனுக்குக் கேட்கவேண்டும் என்று அந்தக் குரல் நினைத்ததோ தெரியவில்லை.

“கிழமை முழுக்க இந்தக் காத்து. மன்னாரில ஒரு வள்ளம் கடலுக்குப் போகேல்லையாம் எண்டு ரேடியோவில சொன்னவங்கள். விளைமீனாம்.”

மாமி ஃபோனைக் கையில் வாங்குவா என்று காத்திருந்தேன். வாங்கவில்லை. அகப்பை ஒருமுறை சட்டியில் தட்டுப்பட்டது.

“அத்தான்” என்றாள் தக்சிகா, “முட்டையெண்டாலும் வாங்கிப் பொரிச்சுச் சாப்பிடட்டாம்.”

“ஓம் எண்டு சொல்லும்.”

“ஓமாம்” என்று அவள் அங்கே சொன்னாள்.

ஃபோனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். அறையில் அடுப்பு இருந்தது; எண்ணெய் இல்லை. முட்டைக்கும் எண்ணெய்க்குமாகக் கடைக்கு நடந்தேன்.